சீத்தா கேம்பும் ஒரு சராசரியின் எல்லைகளும்

மும்பையின் கிழக்கு ஓரத்தில், ட்ராம்பே கழிமுகத்தின் சதுப்புக் காட்டை ஒட்டியிருக்கிறது சீத்தா கேம்ப். 1976-இல், நெருக்கடி நிலை நடப்பிலிருந்தபோது, பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்குப் பக்கத்திலிருந்த ஜனதா காலனி இடிக்கப்பட்டது. அங்கிருந்த தமிழர்களும் மலையாளிகளும் வடநாட்டவரும், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என எல்லாச் சமயத்தவரும், இந்தச் சேற்று நிலத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அந்தப் பெயர்ச்சியைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் சொல்லும் எண் ஒன்றுதான்: சுமார் 70,000 பேர். அந்த எண்ணைச் சந்தேகிக்க இங்கே முகாந்திரம் எதுவும் இல்லை. ஆனால் அது எல்லை சொல்லாத எண். உண்மை 60,000 என்றாலும் 80,000 என்றாலும் வரலாற்றாசிரியரின் வாக்கியம் கலையாமல் நிற்கும். அங்கே குடியேற்றப்பட்டவர்களுக்கு அப்படியல்ல. எத்தனை குழாய், எத்தனை கழிப்பறை, எத்தனை வகுப்பறை என்பதெல்லாம் அந்த எண்ணிலிருந்துதான் பிறக்கின்றன. 20,000 பேர் வித்தியாசம் என்பது ஒரு சிற்றூர் முழுவதும் தண்ணீருக்கு வரிசையில் நிற்பதா வேண்டாமா என்ற வித்தியாசம்.

மக்களைப் பற்றிச் சொல்லப்படும் எந்த எண்ணையும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். யாரையெல்லாம் கணக்கில் சேர்த்தார்கள் என்பது ஒன்று. சொன்ன எண் எவ்வளவு தூரம் பிசகியிருக்கலாம் என்பது மற்றது. இரண்டாவது கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டின் புள்ளியியல் தந்த பதில்தான் நம்பிக்கை இடைவெளி: சராசரியை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல், கீழ் எல்லை, மேல் எல்லை என்று இரண்டு எண்களுக்கு நடுவில் வைத்துச் சொல்லும் முறை. மும்பையின் ஏழைக் குடியிருப்புகள் எண்ணப்பட்ட நூறாண்டுக் கதையைப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். இந்த முறை இல்லாத காலத்தில் நகரம் தன் சராசரிகளை அளவுக்கு மீறி நம்பியது. முறை வந்த பிறகோ, அது பதில் சொல்லாத முதல் கேள்விக்கும் அதுவே பதில் சொல்லிவிட்டதாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் வந்தது. இடைவெளி இல்லாத சராசரி அரைகுறைச் செய்தி. பட்டியல் இன்னது என்று சொல்லாத இடைவெளியும் அப்படித்தான். இந்த இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

பம்பாய் அரசின் தொழிலாளர் அலுவலகம் 1921-22-இல் ஆலைத் தொழிலாளர்களின் குடும்ப வரவு செலவைத் திரட்டியது. இயக்குநர் ஃபிண்ட்லே ஷிர்ராஸ் 1923-இல் வெளியிட்ட அறிக்கைக்கு அடிப்படை 2,473 குடும்பங்களும், ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டுத் தனியே வாழ்ந்த 603 ஆண்களும். அந்தக் காலத்துக்கு அது பெரும் உழைப்பு. பரேல், லால்பாக் பக்கத்தில் சால் எனப்படும் தொழிலாளர் குடியிருப்புகளில் ஒற்றை அறைக் குடித்தனங்களுக்குள் போய், அரிசிக்கு எவ்வளவு, வாடகைக்கு எவ்வளவு, வட்டிக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதினார்கள். ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 52 ரூபாய்ச் சொச்சம் என்று வந்தது. அணா, பைசா வரைக்கும் துல்லியமாக அச்சிடுவது அக்கால வழக்கம். ஆனால் லட்சக்கணக்கான தொழிலாளர் குடும்பங்களில் இந்த 2,473-க்குப் பதில் வேறு 2,473 குடும்பங்கள் அகப்பட்டிருந்தால் அந்த அணா எங்கே போயிருக்கும், ரூபாயே எங்கே போயிருக்கும் என்ற கேள்விக்கு அறிக்கையில் இடமில்லை. அது ஷிர்ராஸின் குறையல்ல. அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்லும் கணக்கு அப்போது நிர்வாகத்தின் கைக்கு வந்து சேரவில்லை. ஆனாலும் அப்படித் திரட்டிய குடும்பச் செலவுகளைக் கொண்டுதான் விலைவாசிக் குறியீடு கட்டப்பட்டது. குறியீட்டை வைத்துக் கூலித் தகராறுகள் பேசப்பட்டன. சராசரி பிசகினால் கூலியும் பிசகும்.

பதில் 1934-இல் வந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம் லண்டனில் ராயல் புள்ளியியல் கழகத்தின் கூட்டத்தில் போலந்து நாட்டுக் கணிதவியலாளர் யெர்ஸி நெய்மான் மாதிரி ஆய்வுகள் பற்றி ஒரு கட்டுரை படித்தார். மாதிரியைத் தெரிந்தவர், வசதியானவர் என்று பொறுக்காமல் குலுக்கல் முறையில் எடுத்தால், மாதிரியின் சராசரியைச் சுற்றி இரண்டு எல்லைகளைப் போடலாம்; இந்த முறையைத் திரும்பத் திரும்பக் கையாண்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை அந்த எல்லைகள் உண்மைச் சராசரியைத் தமக்குள் அடக்கிக்கொள்ளும் என்று காட்டினார். முழு விளக்கம் 1937-இல் வந்தது. கூட்டத்திலேயே இதைத் தயக்கத்தோடு எதிர்கொண்டவர் ஆர்தர் பௌலி. அவர் சாதாரண ஆளல்ல: 1912-இல் ரெடிங் நகரத்தில் ஏறத்தாழ இருபதுக்கு ஒரு தொழிலாளர் வீட்டை எடுத்து வறுமையை அளந்தவர், 1934-இல் பொருளியலாளர் ராபர்ட்சனோடு சேர்ந்து இந்தியாவுக்கான பொருளாதாரக் கணக்கெடுப்புத் திட்டத்தை எழுதிக் கொடுத்தவர். நமக்கு வேண்டியது, இந்த ஊரின் உண்மை அளவு இந்த எல்லைகளுக்குள் இருப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதுதான். இந்த முறை அதைத் தருகிறதா என்று அவர் கேட்டார். தொண்ணூறு ஆண்டுகள் கழிந்த பிறகும் எடுத்து ஆராயத் தகுந்த கேள்வி அது. அதே ஆண்டுகளில் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் நெய்மானிடமும் ஈகான் பியர்சனிடமும் படித்துக்கொண்டிருந்தவர் சாத்தாரா மாவட்டத்து பாண்டுரங்க வாசுதேவ் சுகாத்மே. மாதிரி முறை பற்றிய நெய்மானின் கொள்கையை விரித்து 1935-இல் ஒரு கட்டுரை வெளியிட்டு, பிறகு அதை இந்திய வயல்களுக்குக் கொண்டுவந்தவர் அவர். ஆக, நம்பிக்கை இடைவெளி பிறந்த வட்டத்திலேயே மராட்டிய மண்ணின் பிள்ளை ஒருவர் இருந்தார்.

கணக்கு எளியது. சீத்தா கேம்பின் எல்லாச் செக்டர்களிலுமிருந்து குலுக்கல் முறையில் 16 வீடுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. சராசரி 5.2 பேர் என்று வருகிறது. சில வீடுகளில் இரண்டு பேர், சிலவற்றில் ஒன்பது பேர். இந்தச் சிதறலை அளக்கும் திட்ட விலக்கம் 2. இதை 16-இன் வர்க்கமூலமான 4-ஆல் வகுத்தால் 0.5. இதுதான் திட்டப் பிழை. வீட்டுக்கு வீடு இருக்கும் வித்தியாசத்தை இது அளக்கவில்லை. மாதிரிக்கு மாதிரி சராசரி எவ்வளவு ஆடும் என்பதை அளக்கிறது. மாதிரி பெரிதாக இருந்தால் திட்டப் பிழையை 1.96-ஆல் பெருக்குவார்கள். சிறிதாக இருந்தால் சிதறலையே சரியாக மதிப்பிட முடியாது என்பதால் இன்னும் கொஞ்சம் அகலம் தர வேண்டும். அதற்கான கணக்கை 1908-இல் செய்தவர், டப்ளின் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்துக்கொண்டு ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் எழுதிய வில்லியம் காஸெட். அவர் முறைப்படி 16 வீடுகளுக்குப் பெருக்க வேண்டிய எண் 2.13. ஆக இருபுறமும் 1.07. குடும்ப அளவின் சராசரி 4.1-லிருந்து 6.3 வரை என்று வருகிறது. அகலமான எல்லைதான், 16 வீடுகளைக் கேட்டவருக்கு அதற்குமேல் சொல்லும் உரிமை கிடையாது. இதே சராசரியும் சிதறலும் 400 வீடுகளிலிருந்து வந்திருந்தால் திட்டப் பிழை 0.1, எல்லைகள் 5.0-மும் 5.4-மும். கேட்டது 25 மடங்கு, துல்லியம் கூடியது 5 மடங்கு. துல்லியத்தை இரட்டிப்பாக்க உழைப்பை நான்கு மடங்காக்க வேண்டும் என்ற இந்த வர்க்கமூல விதிக்குத் தப்பிய ஆய்வு எதுவும் இல்லை.

இந்த எல்லைகளைப் படிப்பதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. 95 சதவீதக் குடும்பங்கள் 5.0-க்கும் 5.4-க்கும் நடுவில் இருக்கின்றன என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியொரு குடும்பம் உலகத்தில் இருக்க முடியுமா என்று யோசித்தாலே தவறு விளங்கிவிடும். எல்லை போடப்பட்டது சராசரிக்கு, குடும்பங்களுக்கு அல்ல. இரண்டாவது தவறு நுட்பமானது, பௌலியின் கேள்வியும் அதுதான்: உண்மைச் சராசரி இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருப்பதற்கு 95 சதவீத வாய்ப்பு என்று சொல்வது. திருவிழாக் கடையில் வளையம் எறிகிறவரை நினைத்துக்கொள்ளலாம். குச்சி நட்ட இடத்தில் நிற்கிறது, பறப்பது வளையம். நூறு வளையத்தில் தொண்ணூற்றைந்து குச்சியில் விழும் கை அவருடையது என்பது அந்தக் கையைப் பற்றிய செய்தி. எறிந்து முடித்த ஒரு வளையம் குச்சியில் விழுந்திருக்கும், அல்லது விழுந்திருக்காது. சராசரியும் அப்படி அசையாமல் நிற்பது. மாதிரி மாறினால் மாறுவது இடைவெளி. இது வெறும் சொல் தகராறு இல்லை. முறையின் நாணயத்தைத்தான் 95 சதவீதம் குறிக்கிறது என்று புரிந்துகொண்டவர், முறை சரியாகக் கையாளப்பட்டதா என்று அடுத்ததாகக் கேட்பார். முடிவின் உண்மையையே அது குறிக்கிறது என்று நினைப்பவர் அதோடு நிறுத்திக்கொள்வார். பௌலி கேட்டதை நெய்மான் முறை தரவில்லை என்பது மெய்தான். ஆனால் தருவதை ஒளிக்காமல் தருகிறது.

இப்போது சீத்தா கேம்ப் உருவான ஆண்டின் கணக்கெடுப்புக்கு வருவோம். 1976 ஜனவரி 4 அன்று மகாராஷ்டிர அரசு பம்பாயின் ஜோப்பட்பட்டிகள் எனப்படும் குடிசைப் பகுதிகள் முழுவதையும் எண்ணியது. சுமார் 28 லட்சம் பேர் கணக்கில் வந்தார்கள். எண்ணப்பட்டவர்களுக்கு போட்டோ பாஸ் கொடுக்கும் ஏற்பாடு தொடங்கியது. குடும்பத் தலைவர் படம் ஒட்டிய அந்த அட்டை, அடுத்த பல பத்தாண்டுகளுக்கு ஒரு குடும்பம் நகரத்தில் நிற்பதற்கான சான்றாயிற்று. அதே ஆண்டில் ஜனதா காலனி இடிக்கப்பட்டது. இடிப்பை எதிர்த்து நீதிமன்றத்திலும் தெருவிலும் பல ஆண்டு போராடியவர் கோலார் தங்கவயலில் பிறந்து பம்பாய்க்கு வந்த தமிழர் ஜாக்கின் அற்புதம். பின்னாளில் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பின் தலைவராக, 2000-இல் மகசேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீயும் பெற்று, 2018-இல் மறைந்தவர். அரசின் எண்ணை மட்டும் நம்பியிருந்தால் பேச்சுவார்த்தை மேசையில் ஏழைகளுக்கு இடமில்லை என்பது ஜனதா காலனியின் படிப்பினை. கூட்டமைப்பு அதைச் செயலாக மாற்றியது: மக்கள் தங்களைத் தாங்களே எண்ணிக்கொள்வது.

இங்கேதான் மாதிரி முறைக்கு எதிரான வலுவான வாதம் எழுகிறது. இடிபடப்போகும் வீட்டில் இருப்பவருக்குச் சராசரியால் என்ன பயன்? நானூறு வீடுகளைக் கேட்டுக் குடும்ப அளவு 5.0-லிருந்து 5.4 வரை என்று சொன்னால், கேட்கப்படாத வீட்டுக்கு போட்டோ பாஸ் வருமா? வராது. இந்த வாதத்தை முழுமையாக ஒப்புக்கொள்ள வேண்டும். உரிமை ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகச் சேர வேண்டியது; அதை மாதிரி எடுத்து வழங்க முடியாது. பெயர் பெயராக, கதவு கதவாக எண்ணியே ஆக வேண்டும். ஆனால் இதிலிருந்து, முழுக் கணக்கெடுப்பு இருந்தால் சராசரிக்கு எல்லை தேவையில்லை என்ற முடிவுக்குப் போகிறவர்கள் மும்பையின் பெருங்குடிசைப் பகுதியான தாராவியின் கதையைப் பார்க்க வேண்டும்.

1985-இல் பிரதமர் நிதித் திட்டத்தின் கீழ் பம்பாய்க்கு 100 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது; அதில் ஒரு பங்கு தாராவிக்கு. அரசு அப்போது தாராவியில் ஏறத்தாழ 55,000 குடும்பங்கள் என்று கணக்கு வைத்திருந்தது. தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பும் தோழமை அமைப்புகளும் 1986-இல் தாங்களே எண்ணினார்கள். 80,518 கட்டடங்கள், 1,06,045 குடும்பங்கள், 5,30,225 மக்கள் என்று வந்தது. தாராவியைப் பற்றிய நூல்களில் இன்றைக்கும் திரும்பத் திரும்ப வரும் எண்கள் இவை. இவற்றைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. 1,06,045-ஐ ஐந்தால் பெருக்கினால் 5,30,225; ஓர் ஆள் கூடவுமில்லை, குறையவுமில்லை. லட்சம் குடும்பங்களில் ஆளாளுக்கு எண்ணினால் சராசரி 4.83 என்றோ 5.17 என்றோ வரும். மிச்சமே இல்லாத முழு ஐந்து தற்செயலாக வராது. குடும்பங்கள் எண்ணப்பட்டன, குடும்பத்துக்கு ஐந்து பேர் என்ற சராசரியால் பெருக்கி மக்கள் தொகை பெறப்பட்டது என்றே இதைப் படிக்க முடிகிறது. நேரில் எண்ணிய எண்ணும் பெருக்கிய எண்ணும் அச்சில் ஒரே உடையில் நிற்கின்றன. ஐந்தேகால் லட்சம் பேரைக் கடைசி இருபத்தைந்து பேர் வரை எண்ணிவிட்டது போன்ற தோற்றத்தைத் தருவது, பின்னால் எல்லையே இல்லாத ஒரு சராசரி.

எல்லை போட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? குடும்ப அளவின் திட்ட விலக்கம் 2 என்றே எடுத்துக்கொள்வோம். 1,06,045 குடும்பங்களில் வெறும் 400-ஐக் குலுக்கி எடுத்துக் கேட்டிருந்தால், ஐந்து என்ற சராசரி 4.8-க்கும் 5.2-க்கும் நடுவில் என்று சொல்லியிருக்கலாம். அப்போது மக்கள் தொகை சுமார் 5,09,000-லிருந்து 5,51,000 வரை. இருபுறமும் 21,000 பேர். 1,600 குடும்பங்களைக் கேட்டிருந்தால் அது பாதியாகக் குறைந்திருக்கும். குடும்பங்களை முழுதாக எண்ணும் அந்த மாபெரும் வேலையோடு ஒப்பிட்டால் இது ஒரு சிறு கூடுதல் வேலை. முழு எண்ணிக்கையும் மாதிரியும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. பட்டியலை முழு எண்ணிக்கை தரட்டும். ஒவ்வொரு கதவிலும் கேட்க முடியாததை மாதிரி சொல்லட்டும். மாதிரி எவ்வளவு பிசகலாம் என்பதை இடைவெளி சொல்லட்டும். தாராவி அவ்வளவு பெரியதாயிற்றே, நானூறு எப்படிப் போதும் என்ற சந்தேகம் எழலாம். மேலே சராசரிக்கு எல்லை போட்ட கணக்கில் தாராவியின் மொத்த அளவு எங்குமே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெருங்கூட்டத்தில் துல்லியத்தைத் தீர்மானிப்பது எத்தனை வீடு கேட்டோம், வீடுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பவைதான். ஆனால் ஒரு நிபந்தனை: நானூறும் ஒரே சந்திலிருந்து வரக் கூடாது. ஒரே ஊரிலிருந்து வந்து ஒரே தொழில் செய்து பக்கத்துப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் குடும்ப அளவிலும் ஒத்திருப்பார்கள். அவர்களில் பத்துப் பேரைக் கேட்பது பத்து தனிச் செய்திகளைக் கேட்டதாகாது. எல்லைகளை அதற்கேற்ப அகட்ட வேண்டும்.

ஆனால் அரசின் 55,000-க்கும் மக்களின் 1,06,045-க்கும் இடையிலிருந்த பள்ளம் எந்த இடைவெளிக்குள்ளும் அடங்காதது. அது குலுக்கலின் அதிர்ஷ்டத்தால் வந்ததல்ல. யாரைக் குடும்பமாக ஏற்பது, எந்தக் கட்டடத்தைக் கணக்கில் சேர்ப்பது என்பதால் வந்தது. இந்த வகைப் பிழையை இந்தியப் புள்ளியியல் முன்னோடிகள் வயலிலேயே பார்த்துவிட்டார்கள். பயிர் அறுவடைப் பரிசோதனையில் சிறு துண்டு நிலத்தைக் குறித்து, அதில் விளைந்ததை அறுத்து எடை போட்டு, மகசூல் சராசரியை மதிப்பிடுவார்கள். துண்டு சிறியதாக ஆக ஆக மகசூல் கூடுதலாகவே மதிப்பிடப்படுகிறது என்று சுகாத்மே 1940-களில் காட்டினார். விளிம்பில் நிற்கும் பயிரை உள்ளே சேர்த்துக்கொள்ளும் கையின் சாய்வு சிறு துண்டில் பெரிதாகிவிடுகிறது. ஆயிரம் துண்டு அறுத்தால் எல்லைகள் குறுகும். சாய்வு அப்படியே இருக்கும். தவறான இடத்தில் மிகத் துல்லியமாகப் போய் நிற்போம். வங்காளத்தில் 1937 முதல் சணல் பரப்பை அளந்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ் இதற்கு வேறொரு வழி கண்டார். ஒரே பகுதியில் தனித்தனியாக எடுத்த இரண்டு மாதிரிகளை இரண்டு குழுக்களிடம் கொடுத்தார். இரண்டு விடைகளும் விலகும் அளவில் குலுக்கலின் ஆட்டமும் ஆட்களின் தவறும் சேர்ந்தே வெளிப்படும். 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வுக்கும் அவர் இந்த முறையைக் கொண்டுவந்தார். தாராவியில் அரசும் மக்களும் தனித்தனியே எண்ணியது, யாரும் திட்டமிடாமலேயே, மகலனோபிஸ் வழியில் நடந்த ஒரு சோதனை. விடைகள் ஒன்றுக்கு இரண்டாக விலகியது அந்தச் சோதனையின் தீர்ப்பு.

இடைவெளியின் பலமும் வரம்பும் ஒன்றாகத் தெரியும் அண்மைய சான்று 2020 ஜூலையில் கிடைத்தது. நிதி ஆயோக், மும்பை மாநகராட்சி, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை சேர்ந்து, கொரோனா தொற்று எத்தனை பேருக்கு வந்து போயிருக்கிறது என்பதை இரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடிக் கண்டறிந்தன. மாட்டுங்கா இருக்கும் எஃப் வடக்கு, செம்பூர் இருக்கும் எம் மேற்கு, தஹிசர் இருக்கும் ஆர் வடக்கு என மூன்று வார்டுகள். ஆய்வுக் கட்டுரையில் குடிசைப் பகுதியினர் 4,202 பேர், மற்றவர்கள் 2,702 பேர். குடிசைப் பகுதியில் 54.1 சதவீதம், மற்றப் பகுதியில் 16.1 சதவீதம். சதவீதமும் ஒரு சராசரிதான்: எதிர்ப்பொருள் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று போட்டுக் கூட்டி வகுத்தது. ஒன்றும் பூச்சியமுமாக உள்ள இந்தத் தொகுதியின் திட்ட விலக்கம் ஏறக்குறைய 0.5. 4,202-இன் வர்க்கமூலம் 64.8. வகுத்தால் 0.0077, 1.96-ஆல் பெருக்கினால் 0.015. ஆக 54.1-க்கு இருபுறமும் ஒன்றரை சதவீதம். கட்டுரையில் அச்சான எல்லைகள் 52.7-லிருந்து 55.6 வரை, கையால் போட்ட கணக்கு அதோடு ஒட்டி வருகிறது. மற்றப் பகுதிக்கு 14.9-லிருந்து 17.4 வரை. இரண்டு இடைவெளிகளும் ஒன்றையொன்று நெருங்கக்கூட இல்லை. ஒற்றை அறையும் பொதுக் கழிப்பறையுமாக வாழ்ந்தவர்களிடம் தொற்று மூன்று மடங்குக்கு மேல் பரவியிருந்தது. மாதிரி எடுத்த விதத்தில் நேர்ந்த தற்செயல் என்று அதை யாரும் தள்ளிவிட முடியாது. ஏழைகள் பக்கம் நின்று வாதாடுகிறவருக்கு இடைவெளி தரும் வலு இது.

அதே கட்டுரை இன்னொன்றையும் சொல்கிறது. சோதனைக் கருவி எல்லாத் தொற்றையும் பிடிப்பதில்லை. அந்தக் குறையைக் கணக்கில் கொண்டு திருத்தினால் குடிசைப் பகுதியின் அளவு 58.4 சதவீதம் வரை உயர்கிறது. இது முதலில் போட்ட 52.7-க்கும் 55.6-க்கும் வெளியே நிற்கிறது! முதல் இடைவெளி பொய்யல்ல; ‘இந்தக் கருவி காட்டும் சராசரி’ என்பதற்கு அது சரியான எல்லை. ஆனால் நாம் அறிய விரும்பியது கருவி காட்டுவதை அல்ல, தொற்றை. மேலும் 8,870 மாதிரிகளுக்குத் திட்டமிட்டு, கிடைத்தவை 6,936 என்று மாநகராட்சி அறிவித்தது. வராதவர்கள் வந்தவர்களைப் போலவே இருந்தார்களா என்பதை எந்த வர்க்கமூலமும் சொல்லாது. கடைசியாக, சீத்தா கேம்ப். அது எம் கிழக்கு வார்டில் இருக்கிறது. அந்த முதல் சுற்றின் மூன்று வார்டுகளில் எம் கிழக்கு இல்லை. 2009-ஆம் ஆண்டின் மும்பை மனித வளர்ச்சி அறிக்கை நகரின் வார்டுகளில் கடைசி இடத்தில் வைத்தது எம் கிழக்கைத்தான். பக்கத்து வார்டையும் உள்ளடக்கிய மூன்று வார்டுகளில் கிடைத்த 54.1-ஐ எடுத்து, சீத்தா கேம்பிலும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று சொல்ல யாருக்கும் ஆசை வரும். அப்படிச் சொல்வது யூகம். யூகம் சரியாகவும் இருக்கலாம், ஆனால் 52.7, 55.6 என்ற எல்லைகள் அதற்குப் பாதுகாப்பு தரவில்லை. குலுக்கலில் பெயர் இருந்தவர்களுக்கு மட்டுமே இடைவெளி பேசும்.

இரண்டு ஆட்சேபங்கள் எஞ்சியிருக்கின்றன. ‘இதிலிருந்து இதுவரை’ என்று சொன்னால் அதிகாரிகள் கீழ் எல்லையைப் பிடித்துக்கொண்டு நிதியைக் குறைப்பார்கள், ஒற்றை எண்ணே போராடுகிறவருக்குப் பலம் என்பது ஒன்று. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் ஒற்றை எண்ணை எதிர்க்க எதிர்த்தரப்புக்கு இன்னொரு ஒற்றை எண் போதும். அப்போது வெல்வது அதிகாரம். எல்லையோடு சொன்ன எண்ணை எதிர்க்க, மாதிரி எடுத்த முறையில் குறை காட்ட வேண்டும். அப்போது வழக்கு முறையைப் பற்றியதாகிறது. 55,000 என்ற அரசுக் கணக்குக்கு எல்லையும் பட்டியலும் கேட்கப்பட்டிருந்தால் அது எத்தனை நாள் நின்றிருக்கும்? தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் மேல் எல்லையை வைத்தே திட்டமிட வேண்டும் என்று கேட்கவும் எல்லை தெரிந்தவரால்தான் முடியும். 95 என்பது எங்கிருந்து வந்தது, 90-மோ 99-மோ ஏன் கூடாது என்பது இரண்டாவது ஆட்சேபம். அது வழக்கம்தான், இயற்கை விதியல்ல. 99 வேண்டுமென்றால் 1.96-க்குப் பதில் 2.58, எல்லை அகலும், தவறும் வாய்ப்பு குறையும். எதை இழக்கத் தயார் என்பதைப் பொறுத்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய எண் அது. தேர்வை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் அதில் ஒளிவுமறைவு இல்லை.

இன்றைக்கு இந்தக் கேள்விகள் முன்னைவிட அவசரமானவை. 2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள் தொகைக் கணக்கெடுப்பு அந்த ஆண்டு நடக்கவில்லை. அதற்குப் பிறகு வெளியான பெரிய மாதிரி ஆய்வுகள் சிலவும் 2011-இன் பட்டியலையே அடித்தளமாகக் கொண்டன. அந்தப் பட்டியலுக்குப் பின் எழுந்த சந்துகளும், மேலே ஏற்றிக் கட்டிய மாடிகளும், பெயர்க்கப்பட்டு வேறு வார்டுக்குப் போன குடும்பங்களும் குலுக்கலுக்கே வராதவர்கள். எவ்வளவு குறுகலான இடைவெளியும் அவர்களைத் திரும்பக் கொண்டுவராது. ஆகவே ஒரு சராசரியை முன்வைக்கிறவர் யாராக இருந்தாலும், அரசோ, பல்கலைக்கழகமோ, குடியிருப்போர் சங்கமோ, மூன்றைச் சேர்த்தே தர வேண்டும்: எண், அதன் இரண்டு எல்லைகள், எந்த ஆண்டின் எந்தப் பட்டியலிலிருந்து ஆட்களை எடுத்தார்கள் என்ற விவரம். மூன்றில் ஒன்று விடுபட்டாலும் அந்த எண்ணை வைத்து ஒரு வீட்டை இடிக்கவோ ஒரு குழாயை மறுக்கவோ கூடாது. ஜனதா காலனியிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் முதல் கேள்வியைத் தங்கள் வாழ்க்கையால் கேட்டார்கள்: எங்களை எண்ணினீர்களா? இரண்டாவது கேள்வியைக் கேட்கும் கருவி பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. கூட்டல், வகுத்தல், ஒரு வர்க்கமூலம், அவ்வளவுதான். சீத்தா கேம்பின் பள்ளிப் பிள்ளைகள் அதைத் தங்கள் செக்டரின் குடும்ப அளவிலிருந்தும் தண்ணீர்ச் செலவிலிருந்தும் கற்றுக்கொண்டால், அடுத்த முறை தங்களைப் பற்றிச் சொல்லப்படும் எந்த எண்ணிடமும் இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்க அவர்களால் முடியும்.